மழைக்கு முன் பீலி ஏறட்டும்

தோழர்களே,

நம் கையில் இருப்பது ஐந்து வாரம்தான். அக்டோபர் பிறந்துவிட்டால் பிற்பகல் மழை தொடங்கிவிடும். ஆண்டு முழுவதும் லூமுட்டுக்கும் பங்கோருக்கும் கிடைக்கும் மழையில் நல்ல பங்கு அக்டோபர், நவம்பரில்தான் கொட்டுகிறது. அதற்குள் பங்கோர் தீவில் நாற்பது வீடுகளின் கூரையில் மழைநீர்ப் பீலி ஏற வேண்டும். நாற்பது தொம்புகள் வாயில் வலை கட்டி நிற்க வேண்டும். இல்லையென்றால் அத்தனை மழையும் தகரத்தில் தாளம் போட்டுவிட்டுக் கால்வாயில் இறங்கி, கூப்பிடு தூரத்துக் கடலில் கலந்துவிடும். அடுத்த ஜூன், ஜூலையில் குழாயில் வெறும் காற்று வரும்போது நாமும் வழக்கம்போல் கூட்டம் கூட்டி, தீர்மானம் போட்டு, தேநீர் குடித்துக் கலைவோம்.

வறட்சியில் கூட்டம் போடுவது நமக்குப் பழகிப் போனது. மழைக்கு முன்னால் ஏணி தூக்குவதுதான் இன்னும் பழகவில்லை.

நம்மில் பலர் தோட்டத்தில் பிறந்தவர்கள். மழையை எப்படிப் பார்த்து வளர்ந்தோம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் மழை பிடித்தால் பால்மரம் நனைந்துவிடும். நனைந்த மரத்தை வெட்டினால் பால் மங்கில் இறங்காமல் பட்டையெல்லாம் வழியும். பெரட்டுக் களத்தில் மண்டோர் வானத்தைப் பார்ப்பார், அம்மா மண்டோரைப் பார்ப்பார். வேலை இல்லை என்றால் அன்றைக்குச் சம்பளமும் இல்லை. வெட்டி முடித்து மங்கு நிறையும் நேரத்தில் மழை வந்தால் இன்னும் கொடுமை. உழைத்த பாலும் தண்ணீரோடு போகும். எங்கள் வீட்டில் மழைக்குக் கிடைத்தது வாழ்த்து அல்ல, வசைதான்.

ஆனால் வைதுகொண்டே அம்மா செய்த ஒரு வேலை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு முழு மூங்கிலை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, கணுக்களை உளியால் தட்டி எடுத்து, லயத்துக் கூரை விளிம்பில் கம்பியால் கட்டியிருப்பார். ஒரு பக்கம் சற்றே தாழ்ந்திருக்கும். அந்தத் தாழ்ந்த முனைக்குக் கீழே மண்ணெண்ணெய்த் தகரம், அது நிறைந்ததும் அண்டா, பிறகு குழந்தையைக் குளிப்பாட்டும் பேசின்கூட. மழை தொடங்கியதும் உடனே பிடிக்கவிடமாட்டார். “கூரை மூஞ்சி கழுவட்டும்” என்பார். கொஞ்ச நேரம் அழுக்குத் தண்ணீர் ஓடி முடிந்த பிறகே தகரத்தை நகர்த்தி வைப்பார். லயத்துக் கோடியில் இருந்தது ஒரே ஒரு பைப்பு. காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் திறப்பார்கள். அந்த வரிசையில் நடந்த சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும்.

தோட்டம் தனியார் நிலம் என்பதால் கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் எட்டிப் பார்க்காத காலம் அது. தொழிலாளர் வீடமைப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த சட்டம் 1990இல் வந்தது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, நாம் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தோம். வீட்டுக்கு வீடு குழாய், திறந்தால் தண்ணீர். அம்மாவின் மூங்கிலை நாம் ஏழ்மையின் அடையாளமாக நினைத்து மறந்தோம். அது ஏழ்மை இல்லை, தோழர்களே. அது அறிவு.

இப்போது பங்கோருக்கு வருவோம். அந்தத் தீவு கருங்கல் மலை. மக்கள் வாழ்வது மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒரு துண்டு நிலத்தில். சுங்கை பினாங் கெச்சில் பக்கம் வீட்டு வாசலில் நின்றால் முன்னால் படகு, பின்னால் காடு. கடலோரக் கிணற்றில் கொஞ்சம் அதிகமாக இறைத்தால் உப்பு ஏறிவிடும். குழாய்த் தண்ணீர் பெருநிலத்திலிருந்து வருகிறது. பேராக் ஆற்றில் எடுத்து, தெலுக் கெப்பாயாங் நிலையத்தில் சுத்திகரித்து, மஞ்சோங் முழுவதும் சுற்றிவிட்டு, கடைசியில் கடலுக்கு அடியில் கிடக்கும் குழாய் வழியாகத் தீவுக்கு. பாதையின் கடைசி வீடு அது. எங்கே உடைந்தாலும் முதலில் காய்வது கடைசி வீடுதான்.

2020 ஜனவரி 1 முதல் பங்கோர் தீர்வையற்ற தீவு. பள்ளி விடுமுறையில் பெர்ரி நிரம்பி வழிகிறது. மாசி மகத்துக்குக் கடலைப் பார்த்து நிற்கும் பத்திரகாளியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதுகிறது. வருகிறவர்கள் குளிக்கிறார்கள், தங்கும் விடுதிகள் துவைக்கின்றன. மேட்டில் இருக்கும் வீட்டுக் குழாயில் அழுத்தம் குறைகிறது. விருந்தாளி வரட்டும், நமக்கும் பிழைப்பு வேண்டும். ஆனால் அந்த நாட்களில் நம் வீட்டுக் கழிவறைக்கு எது தண்ணீர்?

சின்னத் தீவின் பிரச்சினை என்று ஒதுக்காதீர்கள். 2024 ஜனவரியில் பினாங்கில் சுங்கை டுவா பக்கம் பழுதான வால்வுகளை மாற்ற நான்கு நாள் தண்ணீரை நிறுத்த வேண்டி வந்தது. ஏறக்குறைய 590,000 பயனீட்டாளர்கள் வாளியோடும் தொம்போடும் தயாரானார்கள். பணக்காரத் தீவுக்கே அந்த நிலை. தண்ணீர் நின்றால் வாளி தூக்குவது யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீர்மானம் போடும் நாம் இல்லை. நம் அம்மாவும் அக்காவும் தங்கையும்தான்.

“குழாய் போடுவது அரசாங்கத்தின் கடமை, நாம் ஏன் தொம்பு வைக்க வேண்டும்?” என்று ஒரு தோழர் போன கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த நாட்டில் சுத்திகரித்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராமலே போகிறது, பெரும்பாலும் கசிவில். அதைக் கேட்போம், மனு கொடுப்போம், விடமாட்டோம். ஆனால் மனு நகரும் வேகம் நமக்குத் தெரியும். மழை மனுவுக்காகக் காத்திருக்காது.

சட்டத்தையும் நம்பி இருக்க முடியாது. 1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கு தண்ணீர்ப் பங்கீட்டில் தவித்த பிறகு, 1999இல் வீடமைப்பு அமைச்சு மழைநீர் சேகரிப்புக்கு வழிகாட்டி வெளியிட்டது. பிறகு பல மாநிலங்களில் கட்டட விதிகளும் திருத்தப்பட்டன. பெரும்பாலும் அவை கேட்பது புதிதாகக் கட்டும் பங்களாக்களையும் இரட்டை வீடுகளையும்தான். நம் பழைய மலிவு விலை வரிசை வீட்டையோ, கடல்மேல் கால் ஊன்றி நிற்கும் பலகை வீட்டையோ எந்த விதியும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் 2003இல் அவசரச் சட்டம் போட்டு, பழைய கட்டடம் புதிய கட்டடம் என்று பாராமல் எல்லோரையும் மழைநீர் சேகரிக்க வைத்தார்கள். அங்கே பெரும்பாலும் நிலத்துக்குள் இறக்கினார்கள். நமக்கு அந்த வழி தோதுப்படாது. பங்கோரின் ஒட்டு நிலத்தில் இறக்கினால் அடுத்த வீட்டுக் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போய்விடும். நமக்குத் தொட்டிதான். ஆறே இல்லாத பெர்முடா தீவைப் பாருங்கள். படிப்படியாகச் செதுக்கிய வெள்ளைக் கூரை, வீட்டுக்கு அடியில் தொட்டி, அதுவும் சட்டப்படி. மழையை நம்பியே தலைமுறைகளாக வாழ்கிறார்கள்.

கணக்கு சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். வரிசை வீட்டின் பின்பக்கச் சரிவு மட்டும் 30 சதுர மீட்டர் என்று வைப்போம். சிதறுவது, வழிவது போக எண்பது விழுக்காடு கிடைக்கும். 40 மில்லிமீட்டர் கொட்டும் ஒரு பிற்பகல் மழையில் 960 லிட்டர். ஒரு மலேசியர் ஒரு நாளைக்குச் செலவழிப்பது 200 லிட்டருக்கு மேல். ஐந்து பேர் குடும்பத்தின் ஒரு நாள் தண்ணீரில் பெரும்பகுதி ஒரே மழையில், அதுவும் பாதிக் கூரையில்! கழிவறைக்கும் தரை துடைக்கவும் செடிக்கும் மட்டும் இதைப் பயன்படுத்தினால் பல நாள் ஓட்டலாம்.

ஆனால் பணக் கணக்கில் நான் பொய் சொல்லமாட்டேன். நம் சித்தியவான் பக்கம் மழைக்குப் பேர்போன தைப்பிங் மாதிரி இல்லை, தீபகற்பத்தில் மழை குறைந்த இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 1,800 மில்லிமீட்டர் என்று வைத்தால் அந்தப் பாதிக் கூரை தருவது 43,000 லிட்டர். ஆயிரம் லிட்டர் ஒரு வெள்ளி என்று மதிப்புப் போட்டாலும் 43 வெள்ளி. அதுவும் ஒரு சொட்டு வீணாகாமல் பிடித்தால். பீலியும் குழாயும் வாங்கிய காசை எடுக்கவே பல வருடம் ஆகும். ஆகவே வீடு வீடாகப் போகும்போது “பில் குறையும்” என்று ஆசை காட்டாதீர்கள். குழாய் காய்ந்த மூன்றாம் நாள் கழிவறையில் ஊற்ற ஒரு வாளி இருக்கும் என்று மட்டும் சொல்லுங்கள். அந்த வாளிக்கு எந்தக் கட்டண அட்டையிலும் விலை இல்லை.

இனி நம் குற்றம். போன வருடம் தீவில் ஆறு தொம்பு வைத்தோம். படம் எடுத்தோம், மாலை போடாத குறைதான். இரண்டு தொம்புகளுக்கு வலை கட்டவில்லை. “அடுத்த வாரம் கட்டிக்கலாம்” என்று பெர்ரி ஏறிவிட்டோம். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் தாராளம். சுகாதார அதிகாரிகள் வந்து புழுவைச் சோதனைக் குழாயில் எடுத்துக் காட்டியபோது அந்த வீட்டு அக்கா வாய் பேசாமல் நின்றாராம். 500 வெள்ளி அபராதம். நாம் வசூல் செய்து கட்டினோம் என்பது வேறு விஷயம். அந்தத் தெருவில் இன்றைக்கும் தொம்பு என்றால் டெங்கி என்கிறார்கள். அதைச் சரிசெய்யும் பொறுப்பும் நம்முடையதுதான்.

அதனால் இந்த முறை வலை கட்டாமல் எந்தத் தொம்பும் வீட்டுக்குள் போகாது. மேல் மூடி, நீர் இறங்கும் வாய், நிரம்பி வழியும் குழாய், மூன்றிலும் நெருக்கமான வலை. வழியும் குழாயை மறந்துதான் பலர் மாட்டுகிறார்கள். நீலத் தொம்பு போதும், வெளிச்சம் புகாதிருந்தால் பாசி பிடிக்காது. ஆனால் முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். மீன் கழுவியதென்றால் நாற்றம்தான், ரசாயனம் என்றால் வேண்டவே வேண்டாம். கடல் காற்றில் தகரப் பீலியைத் துரு தின்றுவிடும், பிவிசி பீலியே போடுவோம். 200 லிட்டர் என்பது 200 கிலோ, அதைப் பலகைத் தரையின் நடுவில் வைத்தால் வீடு சாயும். செங்கல் அடுக்கி, தூணை ஒட்டி வையுங்கள்.

அம்மா சொன்ன “மூஞ்சி கழுவும்” தண்ணீருக்கும் வழி இருக்கிறது. நாலு அங்குலக் குழாயை ஆறடிக்குச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் மூடி போட்டால் அதில் 15 லிட்டர் தேங்கும். 30 சதுர மீட்டர் கூரையின் முதல் அழுக்கு, மைனா எச்சம், எலிச் சிறுநீர், கடல் உப்பு எல்லாம் அதில் இறங்கி நின்றுவிடும். அது நிறைந்த பிறகே தொம்புக்குத் தண்ணீர் போகும். மழை விட்டதும் அடி மூடியைத் திறந்து கொட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. இந்தத் தண்ணீர் குடிக்கவோ சமைக்கவோ அல்ல. வீட்டுக் குழாயோடு இதை எக்காரணத்துக்கும் இணைக்காதீர்கள். தனிக் குழாய், மேலே சிவப்பு மையில் “குடிக்காதே” என்று தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் குழாயைத் திறக்கும்.

பீலி மாட்டப் போகும் வீட்டில் சொட்டும் குழாயையும் பாருங்கள். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஆண்டுக்குப் பத்தாயிரம் லிட்டரை நெருங்கும், ஒரு வாஷர் போதும். பழைய கழிவறைத் தொட்டிக்குள் ஒன்றரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி நிறுத்தினால் ஒவ்வொரு முறையும் அவ்வளவு மிச்சம்.

நம் பிள்ளைகள் திருக்குறள் ஒப்புவிக்கும் போட்டியில் மழையைப் போற்றும் வான்சிறப்பின் பத்துக் குறளையும் தடுமாறாமல் சொல்லிக் கோப்பை வாங்குகிறார்கள். சந்தோஷம். அந்தப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், வலை வெட்டும் வேலை அவர்களுக்கு.

கடற்படைத் தளத்துப் பட்டறையில் குழாய் பொருத்தும் தோழர்களே, உங்கள் கை இல்லாமல் இது நடக்காது. சனிக்கிழமையை எங்களுக்குக் கொடுங்கள். சித்தியவானில் லாரி வைத்திருப்பவர்களே, ஒரு நடை. தீவில் இருக்கும் அக்காமார்களே, எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், எந்த வீடு மேட்டில் இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். பட்டியலை நீங்கள் போடுங்கள், நாங்கள் ஏணி பிடிக்கிறோம். போன வருடம் அபராதம் விதிக்கப்பட்ட அக்காவின் வீடு பட்டியலில் முதலாவதாக இருக்கட்டும்.

வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லூமுட் ஜெட்டியில் கூடுவோம். மரினா ஐலண்ட் ஜெட்டி அல்ல, போன முறை நான்கு பேர் அங்கே போய் நின்றார்கள். டிரில், ரம்பம், அளவு நாடா இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். சாப்பாடு தீவில். கொசுவலை மட்டும் ஆளுக்கு இரண்டு மீட்டர், மறக்காமல்.