நெட் வரலையா? ரீசெட் பண்ணுங்க, சாவியைக் கொடுக்காதீங்க!

மும்பையில் மழை பிடித்தால் முதலில் ரயில் நிற்கும், அடுத்தது நெட் நிற்கும். தாராவியோ, மாட்டுங்காவோ, செம்பூரோ, கட்டடத்துக்குக் கட்டடம் தாவுகிற கேபிளில் எங்கேயாவது தண்ணீர் இறங்கியிருக்கும். கேபிள்வாலாவுக்குப் போன் போட்டால் ஒரே மந்திரம்தான்: "ரூட்டர் பந்த் கர்கே சாலு கரோ."

பாதி நேரம் அதுவே பலிக்கும். பலிக்காதபோது என்ன செய்வது என்பதுதான் இந்தப் பதிவு. நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். கம்ப்யூட்டர் பாடம் எடுக்க நான் யார் என்று கேட்கலாம். ஆனால் இது கம்ப்யூட்டர் விஷயம் மட்டுமில்லை, காசு விஷயம். அதனால் எழுதலாம் :-)

என் கட்சி இதுதான். நெட்வொர்க் ரீசெட் செய்ய வீட்டிலுள்ள எல்லோருக்கும், முக்கியமாகப் பெரியவர்களுக்கு, தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு சோதனை. அதே வைஃபையில் போனை இணைத்துப் பாருங்கள். போனிலும் வரவில்லையா? கோளாறு ரூட்டரிலோ லைனிலோ இருக்கிறது, கம்ப்யூட்டரை நோண்டாதீர்கள். 2008 ஜனவரி கடைசியில் எகிப்து அருகே கடலடி கேபிள்கள் அறுந்து இந்தியா முழுக்க நெட் தள்ளாடியது. அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து எத்தனை ரீசெட் அடித்திருந்தாலும் புண்ணியமில்லை. போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை என்றால்தான் இந்த வைத்தியம்.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், நெட்வொர்க் ரீசெட். இந்த வரிசையில் போய் 'ரீசெட் நவ்' அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் தானே அணைந்து எழும். விண்டோஸ் 10-இல் அந்த பட்டன் 'ஸ்டேட்டஸ்' பக்கத்தின் அடியில் இருக்கும். போட்டோ, டேலி கணக்கு எதுவும் போகாது. வைஃபை பாஸ்வேர்டும், கேபிள்வாலா கையால் அடித்துவிட்டுப் போன எண்களும் போகும். ஆகவே அவற்றை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆபீஸ் விபிஎன் இருந்தால் அதையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும்.

அவ்வளவுதான். இதற்கு ஏன் இத்தனை பீடிகை?

செட்டிங்ஸ் என்பது விளையாட்டு இல்லை. டிஎன்எஸ் என்பது வங்கி வாசலில் நிற்கிற காவலாளி மாதிரி. "பணம் கட்ட எந்த கவுண்டர்?" என்றால் கை காட்டுவார். அவரையே மாற்றிவிட்டால்? எஸ்தோனியா நாட்டுக் கும்பல் ஒன்று அதைத்தான் செய்தது. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற வைரஸால் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களில் காவலாளியை மாற்றி, விளம்பரங்களில் காசு பார்த்தது. 2011 நவம்பரில் எஃப்பிஐ விசாரணையில் அவர்கள் பிடிபட்டார்கள். நீதிமன்ற உத்தரவுப்படி தற்காலிகமாக ஓட்டிய மாற்று சர்வர்களை 2012 ஜூலை 9 அன்று நிறுத்தினார்கள். அதற்குள் வைரஸை நீக்கிச் செட்டிங்கைத் திருத்தாத கம்ப்யூட்டர்களுக்கு வழிகாட்ட ஆளில்லாமல் போயிற்று.

இன்றைய திருடனுக்கு இவ்வளவு சிரமம் கூட வேண்டாம். நெட் வரவில்லை என்றதும் பெரியவர் போனில் 'கஸ்டமர் கேர்' என்று தேடுகிறார். கிடைக்கிற எண் போலி. "ஐயா, இந்த ஆப்பைப் போடுங்க, திரையில் வர்ற நம்பரைச் சொல்லுங்க" என்கிறான். சொன்ன நொடியில் ஓடிபி வருகிற அந்தப் போன் அவன் பார்வைக்குப் போய்விடுகிறது. 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் என்ற ஆப்பின் பெயரைச் சொல்லி ரிசர்வ் வங்கி எச்சரித்தது. ஆப் மேல் குற்றமில்லை. வீட்டுச் சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

இதில் நம் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கிறது. நியூஜெர்சியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ, "அப்பா, அந்த நம்பரை மட்டும் சொல்லுங்க, நான் இங்கிருந்தே சரி பண்ணிடறேன்" என்பது பாசம்தான். ஆனால் கோளாறு என்றால் யாருக்காவது நம்பர் படிக்க வேண்டும் என்று அப்பாவைப் பழக்குவதும் அதுவே. நாளைக்கு வேறொருவன் அதே குரலில் அதே நம்பரைக் கேட்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்கி, அவர்கள் கையாலேயே ஒருமுறை செய்ய வையுங்கள். படிகளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ரூட்டர் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பில்லில் இருக்கும் கேபிள்வாலா எண்ணையும், பணம் போனால் உடனே அழைக்க வேண்டிய 1930-ஐயும் அதிலேயே எழுதுங்கள். அழைப்பது தாமதமானால் பணம் கைமாறிக் கைமாறிப் போய்விடும், மீட்பது கஷ்டம்.

அப்பா அம்மாவுக்கு இதெல்லாம் வராது என்று சொல்லாதீர்கள். பாஷை தெரியாமல் தாதரில் வந்து இறங்கி, இந்த ஊரில் ரேஷன் கார்டு வாங்கி, நம்மைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். நாலு பட்டன் அழுத்துவது அதைவிடக் கஷ்டமா என்ன?