கரைக்கடல் யாருக்கு?

கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கலாகாது என்று தமிழ்நாடு சர்க்கார் 1983-ஆம் வருஷத்திலேயே சட்டம் செய்தனர். கட்டுமரக்காரரின் பிழைப்பைக் காக்கவே அவ்வெல்லை ஏற்பட்டது. எல்லையை எத்தனை மைல் வகுத்தாலும் காவலில்லையேல் என்ன பயன்? இறாலை நாடி வரும் இழுவைமடி கடலடியைச் சுரண்டி, விலைபோகாத குஞ்சு மீன்களையும் வாரிச் செல்கிறது. ஏழைகளின் வலைகளும் அறுபடுகின்றன. இருட்டில் அறுத்துப்போன படகின் எண்ணை அவர்கள் எங்ஙனம் அறிவார்கள்?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகளுக்கு விதிக்கும் 61 நாள் தடையை நாம் மனமார ஆதரிக்கிறோம். ஆனால் அப்பொழுது பெருகும் குஞ்சுகளை மற்றப் பத்து மாதங்களில் அழிக்க விடுவதோ? எல்லை மீறும் படகுகளின் லைஸென்ஸை, முதலாளிகளிடம் தாக்ஷண்யம் பாராமல், அதிகாரிகள் ரத்து செய்ய வேண்டும். அடுத்த தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்புமுன் ரோந்துக்கு ஏற்பாடு செய்யும்படி சர்க்காரை வற்புறுத்துகிறோம்.