பையில லோகோ, டீச்சருக்கு நாமம்

எங்க கம்பெனி சிஎஸ்ஆர் குழுவுல ரெண்டு வருஷம் இருந்தேன். அதனால கீழே வர்ற திட்டுல பாதி எனக்கே சேரும். மீதியை நீங்க பங்கு போட்டுக்கலாம் :-)

செங்கல்பட்டு பக்கம் ஒரு சின்ன தொண்டு நிறுவனம். இருளர் குடியிருப்புகள்ல மாலைநேர வகுப்பு நடத்துறாங்க. உள்ளூர்ப் பொண்ணுங்க ரெண்டு பேர்தான் டீச்சர். பாடம் சொல்றது பாதி வேலை. பள்ளிக்கூடத்தை விட்டு நின்னுட்ட பையனைத் தேடிக்கிட்டு செங்கல் சூளைக்குப் போறது, பெத்தவங்களைக் கூட்டிக்கிட்டு சாதிச் சான்றிதழுக்காக ஆர்டிஓ ஆபீஸ் வாசல்ல நிக்கிறது, இதெல்லாம் மீதிப் பாதி. பழங்குடிச் சான்றிதழ் இல்லேன்னா அதுக்கான உதவித்தொகையும் இல்லை, இட ஒதுக்கீடும் இல்லை. அந்தப் பிள்ளை காலேஜ் வாசலை மிதிக்குமா மிதிக்காதாங்கிறதே அந்த ஒத்தைக் காகிதத்துல இருக்கு.

அவங்க எங்ககிட்ட கேட்டது ரெண்டு பேருக்கு மூணு வருஷச் சம்பளம், ஒரு ரூம் வாடகை, பஸ் செலவு. நாங்க கொடுத்தது 400 ஸ்கூல் பை. கம்பெனி லோகோவோட.

"சம்பளம் எல்லாம் ஓவர்ஹெட் சார், சட்டப்படி அஞ்சு சதவீதம்தான்" என்றார் மேலதிகாரி. நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். அப்புறம்தான் விதியை எடுத்துப் படிச்சேன். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. இந்தச் சட்டத்துக்குள்ள வர்ற கம்பெனி தன்னோட மூணு வருஷ சராசரி நிகர லாபத்துல 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கணும். 2021-ல் வந்த விதித் திருத்தம் சொல்ற அந்த 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சொந்த சிஎஸ்ஆர் நிர்வாகத்துக்குச் செலவழிக்கிற காசுக்கு. ஒரு திட்டத்தை நடத்த நேரடியா ஆகிற செலவு அதுல சேராது. வகுப்பு நடத்துறதுதான் திட்டம்னா, டீச்சர் சம்பளம்தானய்யா அந்தத் திட்டமே! நமக்குப் போட்ட கடிவாளத்தைக் கழட்டி அவங்க வாயில மாட்டிவிட்டிருக்கோம்.

சரி, வெளிநாட்டுப் பணம் வாங்கலாமேன்னா அங்கே வேற கதை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு 2020-ல் வந்த திருத்தம், நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்துல இருந்து 20-ஆக்கிடுச்சு. ஆபீஸ் வாடகை, கணக்குப்பிள்ளை சம்பளம் எல்லாம் அதுக்குள்ள. ஒரு அமைப்பு வாங்கின பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கவும் தடை. முன்னாடி நகரத்துல இருக்கிற பெரிய அமைப்பு ஃபாரம், ஆடிட் தலைவலியை எல்லாம் தான் சுமந்துக்கிட்டு, கிராமத்துச் சின்ன அமைப்புக்குப் பணத்தைப் பிரிச்சுக் கொடுக்கும். அந்த வாய்க்காலை மண்ணு போட்டு மூடியாச்சு.

"என்ஜிஓன்னாலே ஃபிராடு, கட்டுப்பாடு வேணாமா?"ன்னு கேக்கப் போறீங்க. வேணும். கணக்கைக் குடையுங்க, நேர்ல போய்ப் பாருங்க. ஆனா திருடனுக்குப் பொய் பில் போட எது சுலபம்? தினமும் சாயங்காலம் ஊரே பாக்குற டீச்சரா, மொத்தமா வாங்கின பையா? சதவீதம் போட்டுத் திருடனைப் பிடிச்சதா நான் பாத்ததில்லை. நம்ம ஆபீஸ்ல ஹெச்ஆர், அக்கவுண்ட்ஸ், ஏசி, வாரக் கடைசி பீட்சா எதுவும் ஓவர்ஹெட்டா நமக்கு உறுத்துறதில்லைங்கிறது தனிக்கதை.

இதையெல்லாம்விட எனக்கு உறைச்சது ரெண்டாவது வருஷம். அவங்க விண்ணப்பம் வந்துச்சு. கலர் கலரா கிராஃப், 'பயனாளிகள்' எண்ணிக்கை, ஸ்மார்ட் கிளாஸ். சாதிச் சான்றிதழ் வேலை மட்டும் காணோம். எடுக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடலை. முந்தின வருஷ மீட்டிங்ல எங்காளு ஒருத்தர் "கவர்மெண்ட் ஆபீஸ் சமாச்சாரம் கொஞ்சம் சென்சிடிவ்"னு முணுமுணுத்தார், அவ்வளவுதான். அவங்களே அடிச்சிட்டாங்க. போன் பண்ணிக் கேட்டேன். "அந்த வேலையை யார் காசுல சார் செய்யறது? டீச்சர்ல ஒரு பொண்ணு ஜவுளிக்கடைக்குப் போயிடுச்சு"ன்னாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. விண்ணப்பத்துல கையெழுத்து மட்டும் போட்டேன். பயனாளிகள் எண்ணிக்கை போன வருஷத்தைவிட அதிகம்னு கமிட்டியில எல்லாருக்கும் ஒரே சந்தோஷம்.

உங்கள்ல பலர் பிறந்தநாளுக்கு ஹோம்ல போய் சாப்பாடு போடுறவங்கதான், தெரியும். இந்த வருஷம் போகும்போது அவங்க வாடகை எவ்வளவு, கரண்ட் பில் எவ்வளவுன்னு கேட்டு அதைக் கட்டிட்டு வாங்க. போட்டோ எடுக்க ஒண்ணும் இருக்காது, சொல்லிட்டேன்.