சொல்லிசைக்கு வகுப்பறையில் இடமுண்டு

பாளையம்பட்டியிலிருந்தும் திருச்சுழி வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்தும் கல்லூரிக்கு வரும் மாணவச் செல்வங்களின் செவிகளில் இன்று ஒலிப்பவற்றுள் ‘ராப்’ எனப்படும் சொல்லிசையும் ஒன்று. மேடை கிடைத்தால் அதைப் பாடிக் காட்டவும் அவர்கள் தயங்குவதில்லை. பெரியோருள் பலர் இதனை வெறும் இரைச்சல் என்று ஒதுக்குகின்றனர். மாணவரோ நேற்று வந்த பாட்டை இன்று கேட்டு நாளை மறந்துவிடுகின்றனர். இவ்விரு நிலைகளும் ஏற்புடையன அல்ல என்பது நம் கருத்து. சொல்லிசையின் தொடக்கக் காலப் படைப்புகளைத் தமிழ் பயில்வோர் செவிமடுத்து ஆராய வேண்டும். அதற்குரிய கருவிகள் நம் யாப்பிலக்கணத்திலேயே உள்ளன.

சொல்லிசையைத் தன் உறுப்பாகக் கொண்ட ஹிப்-ஹாப் கலை ஏழைகளின் குடியிருப்பில் பிறந்தது. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் நடந்த ஒரு சிறு விருந்தே அதன் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற இளைஞர் அங்கு இசைத்தட்டுகளை இயக்கினார். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தில்தான் மக்கள் மிகுதியாக ஆடுகின்றனர் என்பதை அவர் கண்டுகொண்டார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு கருவிகளில் மாற்றி மாற்றி ஓட்டி, சில நொடித் தாளத்தை நீட்டித்தார். அந்தத் தாளத்தின் மீது பேச்சு ஏறி அமர்ந்தது. 1979இல் ‘ராப்பர்ஸ் டிலைட்’ இசைத்தட்டு அதனை நாடெங்கும் பரப்பியது. 1982இல் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் குழுவினரின் ‘தி மெசேஜ்’ நகர்ப்புற வறுமையைப் பாடுபொருளாக்கியது. இசைக்கருவி வாங்க வசதியற்றோரும் சொல்லையே கருவியாக்கிக்கொள்ள இயலும் என்பதை இக்கலை நிறுவியது.

தொடக்கத்தில் சொல்லிசைக் கலைஞர் பெரும்பாலும் அடியின் ஈற்றிலேயே ஒலியியைபு அமைத்தனர். நாம் இதனை இயைபுத்தொடை என்போம். 1987இல் எரிக் பி, ராகிம் இருவரும் வெளியிட்ட ‘பெய்டு இன் புல்’ தொகுப்பில் ராகிம் அடியின் நடுவிலும் இயைபுகளை அடுக்கினார். கருத்தை அடி எல்லையைத் தாண்டி ஓடவிட்டார். அதனைக் கேட்டோர் புதுமை என வியந்தனர். அடிக்குள் ஒலி எந்தெந்தச் சீரில் ஒன்றுகிறது என்பதைக் கொண்டு இணை, பொழிப்பு, ஒரூஉ, கூழை, மேற்கதுவாய், கீழ்க்கதுவாய், முற்று எனப் பெயரிட்டு வைத்திருப்பது நம் யாப்பருங்கலக்காரிகை. தொல்காப்பியர் கூறும் 20 வண்ணங்களுள் முடுகு வண்ணம் அடி எல்லை கடந்து ஓடுவதேயன்றோ? எல்லாம் நம்மிடமிருந்தே சென்றன என்று பெருமை பேசுவதற்காக இதனைக் கூறவில்லை. பயிற்சி பெற்ற செவி எம்மொழிக் கலையையும் அளந்து சுவைக்க வல்லது என்பதற்காகவே கூறுகிறோம்.

‘அயல்நாட்டு வடிவம் நமக்கு எதற்கு?’ என்று சான்றோர் சிலர் வினவலாம். மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து ஆகியவை வேற்றுமொழிப் பெயர்களோடு வந்து தமிழில் இலக்கிய வகைகளாக வேரூன்றியவை. காயல்பட்டினம் காசிம் புலவர் அருணகிரிநாதரின் சந்தத்தை ஏற்று நபிகள் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடினார். வடிவம் எங்கிருந்தும் வரலாம். அதனுள் நம் வாழ்வு இருக்கிறதா என்பதே கேள்வி.

அவ்வாறு வாழ்வை நிரப்பிய முன்னோடிகள் தமிழிலும் உண்டு. 1994இல் வெளிவந்த ‘காதலன்’ திரைப்படத்தின் ‘பேட்டை ராப்’ சென்னைப் பேச்சுமொழியைத் தாளத்தில் ஏற்றியது. சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீது ஆகியோருடன் நாட்டுப்புறப் பாடகி தேனி குஞ்சரம்மாளும் அதில் குரல் கொடுத்தார். திரைக்கு வெளியே இக்கலையை வளர்த்ததில் மலேசியத் தமிழருக்குப் பெரும்பங்குண்டு. யோகி பி, நட்சத்ரா குழுவினருடன் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு தமிழ்நாட்டு இளைஞர் பலருக்கு வழிகாட்டியாயிற்று. 2021இல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யில் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்வையும் ஒப்பாரி மரபையும் சொல்லிசைக்குள் கொணர்ந்தார்.

குறைகளையும் மறைப்பதற்கில்லை. வசைமொழி, பணச்செருக்கு, பெண்ணை இழிவுபடுத்தல், வன்முறைப் புகழ்ச்சி ஆகியவை இக்கலையின் ஒரு பகுதியில் படிந்துள்ளன. பெரியோரின் அச்சம் காரணமற்றது அன்று. ஆயினும், வசைபாடிய புலவர் நம்மிடையேயும் இருந்தனர். அதற்காகக் கவிதையையே நாம் கைவிடவில்லை. நல்லதைக் காட்ட ஆசிரியர் முன்வராவிடில், மாணவருக்குச் சந்தையே ஆசிரியராகிவிடும். நடையையும் உடையையும் மட்டும் கற்றுக்கொண்டு, சொல்லின் உழைப்பைக் கல்லாது போவர்.

எனவே தமிழ்த்துறைகளுக்கு ஒன்றைப் பரிந்துரைக்கிறோம். சொல்லிசையைக் கேளிக்கைப் போட்டியில் மட்டும் சேர்க்காமல் கவிதைப் போட்டியிலும் சேர்க்கலாம். யாப்பு நடத்தும் வகுப்பில் தேர்ந்தெடுத்த பழைய பாடல் ஒன்றைக் கேட்கச் செய்து தொடை காணப் பழக்கலாம். பின்னர், ‘உன் ஊரைப் பாடு’ என்று மாணவரிடம் கேட்கலாம். மழை பொய்த்த மானாவாரி நிலம், வறண்ட கண்மாய், அருப்புக்கோட்டைத் தறியின் ஓயாத தாளம், பிழைப்புத் தேடி வெளியூர் சென்ற அண்ணன் என இப்பகுதி மாணவருக்குப் பாடுபொருள் பஞ்சமில்லை.

கவிதை எழுதத் தனக்கு வராது என்று எண்ணிக் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் மாணவனின் வாயில் எதுகையும் மோனையும் ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருக்கக்கூடும். அதனை இரைச்சல் என்று அடக்கிவிட்டால் இழப்பு அவனுக்கு மட்டுமன்று, தமிழுக்குமாகும்.