நடித்த பித்துக்கு மன்னிப்பு. நலிந்த பித்துக்குத் தண்டனையா?

பித்தில் மெய்யும் உண்டு, பொய்யும் உண்டு. இரண்டையும் பிரித்தறியத் தெரியாத சமுதாயம் நடிப்பவனை மன்னிக்கும், நலிந்தவளைத் தண்டிக்கும். ஷேக்ஸ்பியர் சற்றேறக்குறைய 1600ஆம் ஆண்டில் இயற்றிய ‘ஹாம்லெட்’ என்னும் பழிவாங்கும் நாடகம் உணர்த்தும் உண்மை இதுவே என்பது நம் துணிபு.

உத்தமபாளையத்தில் 1956ஆம் ஆண்டு ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி எழுந்த பின்னர், கம்பம் பள்ளத்தாக்கின் முஸ்லிம் வீடுகளில் பட்டப்படிப்பு எட்டாக் கனியாக இல்லை. ஷேக்ஸ்பியரின் பெயரும் நம் திண்ணைகளில் புழங்கும் பெயராயிற்று. மகிழ்ச்சியே. ஆனால், கற்றவர் சிலர் அந்நாடகத்தைப் பற்றிப் பேசும் முறைதான் நமக்கு ஒப்பவில்லை. ஹாம்லெட்டின் பித்து மேதையின் பித்தாம். ஒபீலியாவின் பித்து பேதையின் பித்தாம். முன்னது சிந்திக்கத் தக்கதாம். பின்னது காட்சிக்கு அழகு சேர்ப்பதாம்! இக்கூற்றை மறுப்பதே நம் நோக்கம்.

‘நாடகம் கூத்தாடிகளின் தொழில், ஆலிம்களுக்கு அதில் என்ன வேலை?’ என்று வினவும் பெரியவர்களும் உளர். அவர்களுக்கு நாம் பணிவுடன் கூறுவது: கதையிலே நீதி பிறழ்ந்தால் அதைப் படிப்போர் உள்ளத்திலும் நீதி பிறழும். ஆதலால் இதைப் பேசுதல் தகும்.

கதையைச் சுருக்கிக் கூறுவோம். டென்மார்க் நாட்டு இளவரசன் ஹாம்லெட். அவன் தந்தையைக் கொன்று, தாயை மணந்து, அரியணையில் அமர்ந்திருக்கிறான் சிறிய தந்தை கிளாடியஸ். தந்தையின் ஆவி உண்மையைக் கூறிப் பழிவாங்கப் பணிக்கிறது. அக்கணமே ஹாம்லெட் தன் தோழன் ஹொரேஷியோவிடம், இனித் தான் பித்தனைப் போல் நடந்துகொள்ளக் கூடும் என்றும், அதன் மறைபொருளை வெளியிடலாகாது என்றும் ஆணை பெறுகிறான். இது முதல் அங்கத்திலேயே நிகழ்கிறது. ஏறத்தாழ 1200ஆம் ஆண்டில் சாக்ஸோ என்னும் டேனிய வரலாற்றாசிரியர் எழுதிய மூலக் கதையிலும் அவ்விளவரசன் உயிர் காக்கப் பித்தனாக நடிப்பவனே.

ஹாம்லெட்டின் பித்து மெய்யா, பொய்யா என்று இன்றும் வழக்காடுகின்றனர். நாடகமே விடை கூறவில்லையா? தோழனிடம் பேசுகையில் அவன் அறிவு தெளிந்திருக்கிறது. நடிகர்களுக்கு நடிப்புக் கலை பயிற்றும்போது அவனினும் சிறந்த ஆசிரியன் இல்லை. மூன்றாம் அங்கத்தில் தாயிடம், தன் நாடி அவளுடைய நாடியைப் போன்றே சீராகத் துடிக்கிறது என்றும், தான் பித்தன் அல்லன் என்றும் தானே சாற்றுகிறான். தந்தையை இழந்த துயர் அவனுக்கு மெய்யே. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் துயர் வேறு, பித்து வேறு.

இங்கே அரபு இலக்கணம் நமக்குக் கைகொடுக்கிறது. ‘ஜனன’ என்னும் வேர்ச்சொல்லுக்கு மறைத்தல் என்பது பொருள். கண்ணுக்கு மறைந்திருப்பதால் ஜின். கருவறையில் மறைந்திருப்பதால் சிசுவுக்கு ‘ஜனீன்’. அறிவு மறைக்கப்பட்டவர் ‘மஜ்னூன்’. இது செயப்பாட்டுச் சொல். அவர் எதையும் செய்யவில்லை, அவருக்கு நேர்ந்துவிட்டது. பித்தனாக நடிப்பதைக் குறிக்கவோ ‘தஜானன’ என்னும் வேறு சொல் உண்டு. மத்ரஸாவில் ஸர்ஃபு ஓதும் மாணவன் இதைத் ‘தஃபாஉல்’ பாபில் காண்பான். நோயாளியாக நடித்தலும் (தமாரள), அறியாதவனாக நடித்தலும் (தஜாஹல) அதே வாய்பாட்டின. இது செய்வினை, செய்பவன் ஒருவன் இருக்கிறான். எனவே பொறுப்பும் அவனுடையது. ஹாம்லெட் ‘தஜானன’, ஒபீலியா ‘மஜ்னூனா’. நூற்றாண்டுகளாக நீளும் வழக்கை இவ்விரு சொற்கள் தீர்த்துவைக்கின்றன.

இனி அநீதிக்கு வருவோம். திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த பொலோனியஸை ஹாம்லெட் வாளால் குத்திக் கொல்கிறான். பொலோனியஸ் ஒபீலியாவின் தந்தை. தான் நேசித்தவனே தன் தந்தையைக் கொன்றான் என்ற இடி அவள் தலையில் விழுகிறது. அவள் அறிவு மறைகிறது. பாடுகிறாள்; பூக்களைப் பங்கிடுகிறாள்; இறுதியில் ஓடையில் மூழ்கி இறக்கிறாள். அவள் எவரிடமும் எந்தத் திட்டமும் கூறவில்லை. அவளுடைய பித்தில் சூது இல்லை.

முடிவில் நடப்பது என்ன? ஐந்தாம் அங்கத்தில் ஹாம்லெட், ஒபீலியாவின் தமையன் லேயர்ட்டிஸிடம் மன்னிப்புக் கேட்கிறான். எவ்வாறு? தவறு செய்தவன் தான் அல்லன், தன் பித்தே என்கிறான்! தாயிடம் ‘பித்தன் அல்லேன்’ என்றவன், தமையனிடம் ‘பித்தே செய்தது’ என்கிறான். அதே அங்கத்தில் ஒபீலியாவின் நல்லடக்கத்தைப் பாருங்கள். அவள் சாவு ஐயத்துக்கு இடமானது என்று கூறிப் பாதிரியார் சடங்குகளைக் குறைத்துவிடுகிறார். உயர்குடிப் பெண்ணாக இல்லாவிடில் இவ்வளவும் கிடைத்திராது என்று குழிவெட்டுவோர் பேசிக்கொள்கின்றனர். நடித்தவன் பித்தருக்குரிய மன்னிப்பைத் தனக்கென எடுத்துக்கொள்கிறான். பித்துற்றவளுக்கோ கல்லறையிலும் அது மறுக்கப்படுகிறது. மேதையாம், பேதையாம்!

இஸ்லாமியச் சட்டம் இவ்விடத்தில் தெளிவானது. உறங்குவோர் விழிக்கும் வரை, சிறார் பருவமடையும் வரை, பித்துற்றோர் தெளியும் வரை அவர்கள் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நபிமொழியின் கருத்து. அறிவு மறைந்த நிலையில் ஒருவர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டாலும் அது அவர்மீது பாவமாக எழுதப்படாது. ஜனாஸாத் தொழுகையும் குறையாது. ஒபீலியா நம் மஹல்லாவில் இறந்திருந்தால் முழுமையாகத் தொழுது அடக்கியிருப்போம். அப்படித்தானே?

அப்படித்தான் என்று நெஞ்சில் கைவைத்துக் கூற நம்மால் இயலுமா? அறிவு கலங்கிய மருமகளை ‘வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்’ என்று ஏசுவது யார்? பிள்ளை மாதக்கணக்கில் மூலையில் முடங்கிக் கிடக்க, ‘சோம்பேறித்தனம்’ என்று அடிப்பது யார்? நோயென்று ஒப்புக்கொண்டால் குமருக்கு மாப்பிள்ளை அமையாது என அஞ்சி, தாயத்துக்கும் சங்கிலிக்கும் ஒப்படைப்பது யார்? 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநல இல்லமொன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட முடியாமல் கருகி மாண்டவர் 28 பேர். அவர்கள் எல்லாச் சமயத்தவருடைய பிள்ளைகளும். சங்கிலியைப் பூட்டியவர்கள் மட்டுமா குற்றவாளிகள்? கொண்டுபோய் விட்டவர்கள் அவர்களுடைய உற்றார் அல்லரோ?

தமிழ் மேடையும் இதற்குத் துணைபோயிற்று. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கித் தமிழுக்குத் தந்தார், நன்றியுடன் போற்றுகிறோம். அவருடைய ‘மனோகரா’வோ 1954இல் திரைப்படமாகி நாடெங்கும் ஓடியது. அதில் அறிவு பேதலித்த வசந்தன் எதற்கு? அவை சிரிப்பதற்கு! பித்தைக் கண்டால் நகைக்கும் பழக்கம் அரங்கிலிருந்து தெருவுக்கு வந்தது. சிறுவர்கள் கல்லெறிகின்றனர்.

நம் முன்னோர் இவ்வாறு இருந்ததில்லை. கெய்ரோவில் ஒன்பதாம் நூற்றாண்டில் இப்னு தூலூன் அமைத்த மருத்துவமனையில் மனநோயாளருக்கும் இடம் இருந்தது. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் வைத்து ஆராய்ந்தார். துயர், அச்சம், சினம் ஆகியவற்றுக்கும் மருத்துவம் உண்டென்று எழுதினார். அந்த மரபுக்கு உரியவர்களா சங்கிலி தேடி அலைவது?

நாட்டுச் சட்டமும் இன்று விழித்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே முதலில் கொள்ள வேண்டும், தண்டிக்கலாகாது என்கிறது. அதே வேளையில், குற்றம் புரிந்துவிட்டுப் பித்தைக் காரணம் காட்டுவோர் செயல் நடந்த வேளையில் அறிவு மறைந்திருந்ததைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும். 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவில் இருந்த அவ்விலக்கு, 2024 முதல் புதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவில் தொடர்கிறது. ஹாம்லெட் அக்கூண்டில் நின்றால், தாயிடம் அவன் சொன்ன சொல்லே அவனுக்கு எதிர்ச் சாட்சியாகும்.

பெற்றோர்களே! கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பேருந்திலேயே போய்வரலாம். காய்ச்சலுக்குப் போகிறோம், மனம் கலங்கினால் ஏன் தயங்குகிறோம்? துஆ ஓதுங்கள், மருந்தும் கொடுங்கள். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதன்று. ‘நடிக்கிறாள்’ என்ற தீர்ப்பை வழங்குமுன் மருத்துவர் ஒருவரின் சொல்லைக் கேளுங்கள்.

ஆசிரியப் பெருமக்களே! ஹாம்லெட்டைக் கற்பியுங்கள், ஒபீலியாவை அழகுப் பொம்மையாக்காதீர்கள். அவள் கல்லறையில் குறைக்கப்பட்ட சடங்கைப் பற்றி மாணவரிடம் ஒரு வினா எழுப்புங்கள். யாருக்கு மன்னிப்பு உரியது என்று அவர்களே கூறட்டும்.