கட்டாயம்தானா இந்த ‘ஷல்’?

புகாரோடு காவல் நிலையத்துக்குப் போகிறவரிடம் ‘விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்’ என்று கூறி அனுப்புவது நாடெங்கும் பழகிப்போன காட்சி. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றித் தகவல் வந்தால் அதை எழுத்தில் பதிய வேண்டும் என்றுதான் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு சொன்னது. சிக்கல், அங்கே இருந்த ஆங்கில வினைச்சொல்லில். ‘ஷல்’ என்பது கட்டளையா, காவல் அதிகாரியின் விருப்பத்துக்கு இடம் விடுகிறதா என்பதில் உச்ச நீதிமன்ற அமர்வுகளே மாறுபட்டு நின்றன. 2013 நவம்பர் 12 அன்று, லலிதா குமாரி வழக்கில், தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான 5 நீதிபதிகள் அமர்வு முடிவு சொன்னது: இங்கே ‘ஷல்’ என்றால் கட்டாயம்.

ஒரே ஒரு துணைவினைக்குப் பொருள் உறுதிப்பட 40 ஆண்டுகள்.

இதே நீதிமன்றம் 1957இல் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கில் நேர் எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 320ஆம் பிரிவு, அங்கேயும் ‘ஷல்’தான். ஆனால் கலந்தாலோசிக்காமல் எடுத்த நடவடிக்கை அதனாலேயே செல்லாமல் போகாது என்றார்கள் நீதிபதிகள். ஆக, ஒரு ‘ஷல்’ கட்டும். இன்னொரு ‘ஷல்’ கட்டாது. எது எந்த வகை என்பது வழக்கு முடியும்வரை தெரியாது. அதனால்தான் சட்டம் எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லைக் கைவிட வேண்டிய காலம் வந்துவிட்டது.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் மூதாதைக்குக் கடன்பட்டிருத்தல் என்று பொருள். தமிழில் ‘கடன்’ என்ற சொல் வாங்கிய பணத்தையும் செய்ய வேண்டிய கடமையையும் சேர்த்துக் குறிப்பதுபோல, அங்கேயும் கடனிலிருந்துதான் கடமை பிறந்தது. பிறகு எதிர்காலத்தைக் குறிக்கும் வேலையும் அதன் தலையில் விழுந்தது. 1653இல் ஜான் வாலிஸ் தன் ஆங்கில இலக்கண நூலில் ஒரு விதி வகுத்தார்: தன்மையில் ‘ஷல்’ வெறும் எதிர்காலம், ‘வில்’ உறுதிமொழி, முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாகும். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிய இந்திய மாணவர்களுக்கு இந்தத் தலைவலி நினைவிருக்கும். பேச்சு வழக்கில் ‘ஷல்’ இன்று அருகிவிட்டது. சட்டப் புத்தகங்களில்தான் கோலோச்சுகிறது.

ஆளுநரிடம் மசோதாக்கள் கிடப்பில் இருந்தது பற்றித் தமிழ்நாடு அண்மையில் கண்ட பெரிய அரசியல் சாசன வழக்கிலும் இந்தச் சொல் நடுவில் நின்றது. மசோதா வந்தால் ஒப்புதல் தருவதாகவோ, நிறுத்திவைப்பதாகவோ, குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்குவதாகவோ ஆளுநர் அறிவிப்பதற்கு 200ஆம் பிரிவு ‘ஷல்’ போடுகிறது. திருப்பி அனுப்புவதற்கு ‘மே’. அதைக் ‘கூடிய விரைவில்’ செய்யச் சொல்கிறது. பேரவை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதலை நிறுத்தக் கூடாது என்பதற்கு மீண்டும் ‘ஷல்’. நாள் கணக்கு மட்டும் எங்கேயும் இல்லை.

2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அந்த வெற்றிடத்தை நிரப்பியது, காலவரம்பு வகுத்தது, கிடப்பில் இருந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த 5 நீதிபதிகள் அமர்வு, சாசனத்தில் இல்லாத காலவரம்பை நீதிமன்றம் விதிக்க முடியாது என்றது. முடிவே எடுக்காமல் காலவரையின்றி இழுத்தடித்தால், முடிவெடுக்குமாறு உத்தரவிடலாம், அதற்குமேல் முடியாது.

இந்த இடைவெளியை முன்பே கண்டவர்கள் உண்டு. மசோதா மீது குடியரசுத் தலைவர் முடிவெடுப்பதற்கான பிரிவின் வரைவில் ‘ஆறு வாரங்களுக்குள்’ என்றுதான் இருந்தது. அதைக் ‘கூடிய விரைவில்’ என்று மாற்ற அம்பேத்கர் திருத்தம் கொண்டுவந்தபோது, இது தெளிவில்லாத தொடர் என்று அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் ஆட்சேபித்தார். திருத்தமே வென்றது.

மற்ற நாடுகள் விழித்துக்கொண்டுவிட்டன. தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் ஆண்டு இடைக்கால அரசியல் சாசனம் ‘ஷல்’லில் நடந்தது, 1996இல் வந்த நிரந்தர சாசனம் ‘மஸ்ட்’டுக்கு மாறியது. அமெரிக்காவிலும் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகள் 2007இல் திருத்தி எழுதப்பட்டபோது ‘ஷல்’ களையெடுக்கப்பட்டது.

வழக்கறிஞர்கள் இதற்கு ஒரு மறுப்பு வைத்திருக்கிறார்கள். நூற்றாண்டுகளின் தீர்ப்புகள் அந்தச் சொல்லைச் சுற்றிக் குவிந்திருக்கும்போது அதை எடுத்தால் பொருளே குலையும் என்கிறார்கள். இதைத் தள்ளிவிட முடியாது. அதே அமெரிக்க விதிகளில், முழு விசாரணையின்றித் தீர்ப்பளிப்பது பற்றிய 56ஆவது விதியில் ‘ஷல்’லுக்குப் பதில் ‘ஷுட்’ போட்டார்கள். கட்டாயம் தளர்ந்துவிட்டதோ என்ற ஐயம் எழவே, 2010இல் பழைய சொல்லையே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது என்பதும் உண்மை. தடையாணையை மீறுகிறவரைக் காவலர் கைது செய்ய ‘ஷல்’ போட்டுப் பணித்தது கொலராடோ மாநிலச் சட்டம். அப்படித் தடையாணை பெற்றிருந்த தாய் ஒருவர் பலமுறை அழைத்தும் காவல் துறை அசையவில்லை. தந்தை கடத்திச் சென்ற மூன்று மகள்களும் கொல்லப்பட்டார்கள். 2005இல் காசில் ராக் எதிர் கொன்சாலஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், காவலர்களின் விருப்புரிமைக்கு அந்தச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்துவிடவில்லை என்று தீர்ப்பளித்தது.

நல்ல முன்மாதிரியைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் ‘ஷல்’தான் போடுகிறது. ஆனால் அதோடு நிற்கவில்லை. பதில் தர 30 நாள் என்கிறது. அதற்குள் பதில் வராவிட்டால் தகவல் மறுக்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்கிறது. தக்க காரணமின்றித் தாமதிக்கும் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்க வழி செய்கிறது. கடமைக்கு ‘மஸ்ட்’, விருப்புரிமைக்கு ‘மே’ என்று வரைவாளர்கள் பிரித்து எழுதட்டும். கூடவே எத்தனை நாளில், செய்யாவிட்டால் என்ன என்பதையும் அதே பிரிவில் எழுதட்டும். இவை இல்லாத மசோதா அவைக்கு வரும்போது அவற்றைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள்.