யாருடைய கட்டில்?

குடும்பத்தோடு வேன் பிடித்து காலாப்பட்டிலிருந்து புதுச்சேரி அருங்காட்சியகம், தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை என்று சுற்றுகிறோம். புள்ளைங்களுக்கு வரலாறு காட்டணுமாம். டூப்ளே படுத்ததாகச் சொல்லும் கட்டில் இருக்கிறது. அரிக்கமேட்டு மணிகள் இருக்கின்றன. 1945இல் அங்கே அகழ்ந்தவர் யாரென்றால் மார்ட்டிமர் வீலர் என்கிறோம். மண்ணை வெட்டிய கை யாருடையது? மணியில் துளையிட்ட கை யாருடையது?

1848இல் பிரான்சு தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. அப்புறம் ரீயூனியன் கரும்புத் தோட்டத்துக்கு இந்தக் கரையிலிருந்தே கூலிகளைக் கப்பலேற்றினான். அதிலே நம்ம சேரி சனமும் உண்டு. அவங்க படுத்த பாய் எந்தக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது?

எதை வைப்பது, எதை விடுவது என்பதிலும் சாதி இருக்கிறது தோழர்களே. பறையை ஆணியில் மாட்டிவிட்டால் கணக்குத் தீராது. கூலி கேட்டுப் போட்ட மனு, தேய்ந்த மண்வெட்டி, கிழவிகள் சொல்லும் கதை எல்லாவற்றையும் சேர்ப்போம். சேரிக்கு ஓர் அறை போதும். திறப்பு விழாவுக்கு மந்திரி வேண்டாம்.